திகாம் பத்துக்காரர் கழற்றிவிட்ட சப்பாத்து

மாலை ஐந்து மணி. ஐந்து மணிக்கே கும்மிருட்டு. கல் பாவிய ஒரு சந்து, இரண்டு பக்கமும் கல் வீடுகள், எல்லாச் சன்னலும் சாத்திக் கிடக்கிறது. பனி பொழிகிறது. ஈ காக்கை இல்லை... ஒரே ஒரு மனிதர் மட்டும் நடந்து வருகிறார்.

ஊர் நம்ம மலேசியக் கெடா இல்லை. கனடாவில் இருக்கும் கியூபெக். பிரெஞ்சு பேசுகிற பழைய நகரம், சுற்றிலும் மதில். நடந்து வருகிறவர் நம்ம காளிதாசனின் பெரியப்பா, திகாம் பத்து ஊர்க்காரர் சிவநேசன். காளிதாசன் இன்றைக்கு டுரியான் பழத்தோட்டக் காவலுக்கு வராதது நல்லதாய்ப் போயிற்று. இருந்தால் இந்தக் கதையைச் சொல்ல விடமாட்டான். நெருங்கி உட்காருங்கள். குடிசைக்கு வெளியே செருப்பை விட்டவர்கள் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

சிவநேசனுக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி. இடது காலில் கடைசி இரண்டு விரல்களை முன்பே எடுத்தாயிற்று. அந்தக் கால் மரத்துப் போய்விட்டது, ஆணி ஏறினாலும் தெரியாது. இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவர் மனைவி நவமணி அக்கா தினமும் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பார். சீழ் வடிந்த நாளிலும் முகம் சுளித்ததில்லை. அப்படி ஒரு மனுஷி.

மகள் யோகேஸ்வரிக்குக் கியூபெக்கில் வேலை. அப்பா அம்மாவை வரவழைத்தாள். அப்பாவுக்கு உள்ளே கம்பளி வைத்த கறுப்பு சப்பாத்து வாங்கி மாட்டிவிட்டாள். அக்கா ஒன்றுதான் சொன்னார்.

"எங்க வேணும்னாலும் சுத்துங்க. வெளிய சப்பாத்த கழட்டக் கூடாது. எனக்கு வாக்கு குடுங்க."

கொடுத்தார். வாழ்நாளெல்லாம் ஸ்கூல் பஸ் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர். அங்கே போனதும் கால் தரையில் நிற்கவில்லை. "நடக்கறதுக்குன்னே கட்டுன ஊரு லா இது" என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். மதில் மேல் நடப்பார், ஆற்றங்கரையில் நடப்பார், கீழ் ஊரிலிருந்து மேல் ஊருக்குச் செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறுவார். சாப்பாடு மட்டும் ஒத்துவரவில்லை. வறுத்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டியைப் போட்டு, அதன் மேல் பழுப்புக் குழம்பை ஊற்றித் தருகிறார்களாம். பார்த்ததும் தன் காலில் ஊறிப்போன கட்டுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு முழுக்க வெறும் காப்பிதான்.

சரி, அந்தச் சந்துக்கு வருவோம்.

சந்தின் கடைசியில் ஒரு சின்ன மாதா கோயில். கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. கோயில் வாசலுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? யாரும் சொல்லத் தேவையில்லை, குனிந்து கழற்றிவிடுவோம். அவரும் கழற்றினார். படியில் ஜோடியாக வைத்த பிறகுதான் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம்தானே... யாருக்குத் தெரியப்போகிறது.

உள்ளே போனதும் முதலில் நாற்றம். மெழுகு வாசம், ஈரக் கல் வாசம், அதற்கும் அடியில் வேறொன்று. ஒட்டுப்பால். எஸ்டேட்டில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா? கோப்பையில் உறைந்துபோன ரப்பர் பாலைக் கொட்டகையில் குவித்து வைத்திருப்பார்களே, மழை பெய்து விட்டதும் ஒரு அழுகல் நாற்றம் எழும்பி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளுமே, அதே நாற்றம். ரப்பர் மரமே இல்லாத நாட்டில்...

முன் பெஞ்சில் ஒருவன் முட்டி போட்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. பின்னால் நீட்டிய பாதம் இரண்டும் வெறும் கால். பரவாயில்லையே, இங்கேயும் கழற்றிவிட்டு வருகிறவன் இருக்கிறான் என்று சிவநேசனுக்குச் சந்தோஷம். பிறகுதான் அந்தப் பாதத்தைச் சரியாகப் பார்த்தார். பல நாள் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்து ஊதியிருந்தது. குதிகால் தோல் கழன்று மடிந்து தொங்கியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மாதாவே, இந்தக் கால மட்டும் காப்பாத்திக் குடு."

கண்ணைத் திறந்தால் பெஞ்சு காலி. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தரையில் ஈரம் மட்டும் கதவு வரைக்கும் போயிருந்தது.

வெளியே படியில் ஒரு ஜோடி கறுப்பு சப்பாத்து, மேலே பனி மூடியிருந்தது. காலை நுழைத்தார், வாரைக் கட்டினார், நடந்தார். இடது காலுக்கு ஒன்றும் தெரியாது. வலது காலும் குளிரில் விறைத்துப் போயிருந்தது.

நேரே வீட்டுக்குப் போனாரா? இல்லை. படியேறி மேல் ஊருக்குப் போய், மதிலைச் சுற்றி, ஆற்றைப் பார்த்து ஆசை தீர நடந்தார். எட்டு வைக்கும்போதெல்லாம் சளக்... சளக்... பனி உருகி உள்ளே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். எதிரே வந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கத்துக்குத் தாண்டிப் போனது. வெள்ளைக்காரனுக்கு நம் ஆளைக் கண்டால் ஆகாது போல என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார் மனிதர்.

வீட்டுக் கதவைத் திறந்த யோகேஸ்வரி பின்னால் நகர்ந்தாள்.

"அப்பா, எத மிதிச்சிட்டு வந்தீங்க?"

அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் அமர்ந்து, இடது சப்பாத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். ப்ளக் என்று சேற்றிலிருந்து பிடுங்குவது போல வந்தது. உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் அக்காவின் மடியில் கொட்டியது. கம்பளியைக் காணோம். பழைய தோல், அடியில் துருப்பிடித்த ஆணிகள். கவிழ்த்துத் தட்டினார். கொழகொழவென்று ஒன்று வழுக்கி விழுந்தது... குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் உரிந்த ஒரு தோல். நுனியில் நகங்கள் அப்படியே இருந்தன.

யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அக்கா வெந்நீரில் டெட்டால் ஊற்றி அவர் காலைக் கழுவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அந்தத் தோல் அவருடையது இல்லை.

கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை போயிற்று என்று சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வருகிறவர்கள்தானே நாம். அவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "கோயில்ல மாறிப் போச்சு மணி. பீடை தொலஞ்சதுன்னு நினைச்சிக்க."

"நம்ம பீடை தொலஞ்சது சரிங்க. யாரோட பீடைய மாட்டிட்டு வந்தீங்க?"

மறுநாள் யோகேஸ்வரி அந்தச் சப்பாத்தையும் தோலையும் ஒரு பையில் கட்டி, அந்தக் கோயில் படியில் வைக்கப் போனாள். எதிர்க் கடையிலிருந்து ஒரு கிழவி துடைப்பத்தோடு ஓடிவந்து பையைத் திரும்ப அவள் பக்கமே தள்ளிவிட்டாள். எடுத்துக்கொண்டு போ என்று பிரெஞ்சில் ஒரே கத்தல். வேறு வழி இல்லாமல் கொண்டுவந்து, தன் வீட்டுப் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

திகாம் பத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் அவர், "மணி, காலு சில்லுனு இருக்கு" என்றார். மரத்த காலுக்கு உணர்ச்சி வந்துவிட்டதாம், ஒரே ஆனந்தம். அதற்குப் பிறகு விரல் எடுத்த இடத்தில் இரண்டு மொட்டு. அப்புறம் நகம்.

ஆமாம்... விரல் முளைத்தது. இரண்டு விரல். வெளுத்து, ஊதி, மஞ்சள் நகத்தோடு.

"பாரு மணி, மாதா திருப்பிக் குடுத்துட்டா!" பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். எத்தனையோ வருஷம் சீழ் துடைத்த அக்காவின் கை அப்போதுதான் முதல் முறையாகப் பின்வாங்கியது. அந்தக் காலை மடியில் வைக்க அவரால் முடியவில்லை. வெளுப்பு பாதத்தில் பரவியது, கணுக்காலைத் தாண்டியது. ராத்திரியெல்லாம் தண்ணீர் கசிந்து மெத்தை ஊறியது. வீடு முழுக்க ஒட்டுப்பால் நாற்றம். அழுகிய காலுக்கு ஈ மொய்க்கும் இல்லையா? அதில் ஒரு ஈகூட உட்காரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"விரல் எடுத்தது எந்தக் கால்ல, அங்கிள்?"

"இதே கால்லதான் டாக்டர்."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எதற்காக அக்கா அத்தனை வருஷம் டார்ச் பிடித்தாரோ, அது போயே போயிற்று. எடுத்த காலைப் புதைக்கத் தருகிறோம், வாங்கிக்கொள்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். அக்கா துணியை விலக்கிப் பார்த்தார். பெருவிரல் அவருடையது இல்லை. குதிகாலில் பழைய தழும்பு இல்லை. மூடிவிட்டார்.

"இது என் வீட்டுக்காரர் காலு இல்ல. எனக்கு வேணாம்."

கதை அதோடு முடிந்திருந்தால் நானும் இந்நேரம் உங்களோடு டுரியான் உடைத்துத் தின்றுகொண்டிருப்பேன்.

போன மாசி மாதம். மத்தியானம். இங்கே மத்தியானம் என்றால் அங்கே நடுச்சாமம். வெயில் கூரையைப் பிளக்கிறது, காற்றாடி முழு வேகத்தில் சுற்றுகிறது, சிவநேசன் வியர்த்து வழிந்து கட்டிலில் உறங்குகிறார். உறக்கத்திலேயே முனகினார்.

"யோகா... கதவத் தொற மா. காலு விறைக்குது."

அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் கைப்பேசி அடித்தது. யோகேஸ்வரி.

"அம்மா... அப்பா குரல் மாரியே கேட்டுச்சி. கதவத் தொறந்துட்டேன் மா. யாருமே இல்ல. பனியில கால் தடந்தான் இருக்கு. குப்பைத் தொட்டிப் பக்கத்துலருந்து வந்துருக்கு. ஒத்தக் காலு மா. எடது காலு."

அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"விரல் எத்தன இருக்கு மா?"

"மூணு."

யோகேஸ்வரி மிக மெதுவாகச் சொன்னாள்.

"வந்த தடந்தான் மா இருக்கு. திரும்பிப் போன தடம் இல்ல."

கட்டிலில் சிவநேசன் கண்ணைத் திறக்கவில்லை. இல்லாத இடது காலைப் போர்வைக்குள் இழுப்பது போல உடம்பைச் சுருட்டிக்கொண்டு, சுகமாகச் சொன்னார்.

"கதவச் சாத்து மா. குளிரு உள்ள வருது."