வலது பக்கத்துக் கண்ட்ரோல்

“கர்த்தர் முக்கியமானதையெல்லாம் இடது பக்கமே வச்சிருக்கார், பாருங்க.”

புனேயில், நிக்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். போபோடியில் ஏறியவர்கள். கணவரின் வலது கை அசையாமல் கிடந்தது. பக்கவாதம் வந்தபின் அன்றுதான் அவர் மறுபடி ஆபீஸுக்குப் போகிறார் என்று பேச்சில் தெரிந்தது. மடியிலிருந்த டிபன் பைதான் கீபோர்டு. அதன்மேல் இடது கை விரல்களை விரித்து வைத்திருந்தார்.

“சேவ்?”

சுண்டுவிரலைப் பையின் இடது ஓரத்தில், கண்ட்ரோல் இருக்கும் இடத்தில் ஊன்றி, இன்னொரு விரலால் தட்டினார்.

“கட்? பேஸ்ட்?”

“இதோ, இதோ. மௌஸே வேண்டாம் போலிருக்கு.”

“ப்ரிண்ட்?”

“அது எட்டாது. அந்தக் கோடியில இருக்கு.”

“பக்கத்து சீட்டுக்காரங்களை அழுத்தச் சொல்லுங்க.”

“யார்கிட்டயும் கேக்க மாட்டேன்.”

அந்த அம்மா பையின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“நேத்து வீட்டுக் கீபோர்டைத் துடைச்சேன். வலது பக்கமும் ஒரு கண்ட்ரோல் இருக்கு. இடது கையை அப்படியே அங்க கொண்டு போங்க. ப்ரிண்ட் கிட்டக்கதான்.”

அவர் கையைப் பையின் மறுகோடிக்கு நகர்த்திப் பார்த்தார்.

“அரே, ஆமா! இத்தனை வருஷத்துல அதைத் தொட்டதே இல்லையே.”

“இப்பத்தானே தேவைப்படுது.”

ஸ்டாப் வந்தது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்தார்.

“நானே எந்திரிச்சிடுவேன்.”

“தெரியும்,” என்ற அந்த அம்மா, கீபோர்டை மட்டும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.