ஆறு அங்குல வாய், நாலு அங்குலக் குழாய்

— ஈரத்துணிய வீட்டுக்குள்ள காயப் போட்டா சுவர் கறுக்காம வெளுக்கவா செய்யும்? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா. பேச்சு முடிஞ்சுது.

— உங்க பேச்சு முடிஞ்சுது சார். என் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. குடி வந்து எட்டு மாசம். ஒரு கைக்குட்டையக் கூட நான் உள்ள காயப் போட்டதில்ல. அந்தப் பூஞ்சைய வாராவாரம் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு. அதுக்குக் கிடைச்ச மரியாதை, காலி பண்ணு!

— வீட்டுக்காரன் நான் சொல்றேன், கேட்டுக்கோ. கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குளிக்கிறீங்க. அந்த ஆவிதான் எல்லாம்.

— குளிக்கிற அறையில குளிக்காம கச்சேரியா வைப்பாங்க? ஆவிய வெளிய தள்ளத்தானே மேல ஃபேன் இருக்கு? அது என்ன லட்சணத்துல இருக்குன்னு பாக்கத்தான் ஃபிட்டர் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். அண்ணே, மேல என்ன தெரியுது?

— பொறு தங்கச்சி. இப்பதான் சீலிங் பலகையக் கழட்டினேன். அடப் பாவமே... ஐயா, இந்த ஃபேன் யார் போட்டது?

— நான்தான் போட வச்சேன். ஏழு வருஷம் ஆச்சு. பழசு சின்னது, இழுக்கவே இல்ல. பெருசா வாங்கி, ஆள் வச்சு, பக்கத்துலயே நின்னு பாத்துப் போட்டது. அதுல குறை சொல்லாதீங்க மேஸ்திரி.

— ஃபேன்ல குறை இல்ல ஐயா. ஃபேன் வாய் ஆறு அங்குலம். வெளிய போற பழைய குழாய் நாலு அங்குலம். அதை மாத்தலையே?

— நல்ல குழாய எதுக்கு மாத்தணும்? சந்துல துணிய அடைச்சு, மூணு சுத்து டேப் ஒட்டினோம்.

— அந்த டேப் இப்ப செத்த பாம்பாட்டம் தொங்குது. துணி அழுகிப் போச்சு. அண்டாவுக்குச் சொம்பு மூடி போட்ட கதை.

— நல்லாக் கேளுங்க அண்ணே!

— நீ சும்மா இரும்மா. துணி போனா என்ன, குழாய் இருக்கே? காத்து அதுவழியா போகும்.

— போகுதான்னு நீங்களே பாருங்க ஐயா. பின்பக்க வராந்தாவுக்குப் போய், குழாய் வெளிய வர்ற ஓட்டையில கைய வைங்க. தங்கச்சி, சுடுதண்ணியத் திறந்துட்டு சுவிட்சப் போடு.

— போட்டாச்சு. சார்! கை வச்சீங்களா?

— வச்சிருக்கேன்! ஃபேனை இன்னும் போடலையா?

— போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு! இங்க இரையறது அங்க கேக்கலையா?

— சத்தம் கேக்குது. காத்துதான்... வரல.

— எப்படி வரும் ஐயா? மொத்த ஆவியும் என் மூஞ்சியில அடிக்குது. மூக்குக் கண்ணாடியே மங்கிப் போச்சு. உள்ள வந்து ஏணியில ரெண்டு படி ஏறுங்க. அந்தக் கறுப்பப் பாருங்க. சீலிங்குக்கு மேலருந்து இறங்குது. கீழருந்து ஏறல.

— பாத்தீங்களா சார்? மாடிப்படியில அத்தனை பேர் முன்னாடி ‘சுத்தம் தெரியாத குடும்பம்’னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய எந்தச் சோப்பு போட்டுத் தேய்க்கிறது? ‘நம்ம வீடு நாறுதாம்மா’ன்னு என் பொண்ணு கேட்டா சார். எட்டு வயசு.

— இதை... எப்படிச் சரி பண்றது மேஸ்திரி?

— குழாயவே ஆறு அங்குலத்துக்கு மாத்தினா உத்தமம். சுவரை இடிக்க வேணாம்னா, ரெடியூசர்னு ஒரு தகரத் துண்டு இருக்கு, புனல் மாதிரி. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் நாலு. ரெண்டு பக்கமும் செருகி, ஸ்க்ரூ முடுக்கி, அலுமினிய டேப் ஒட்டணும். கொஞ்சம் இரையும், வேகமும் கொஞ்சம் குறையும். ஆனா ஆவி வெளிய போயிடும். பையிலயே ஒண்ணு வச்சிருக்கேன்.

— இவ்வளவுதானா?

— அரை மணி நேர வேலை ஐயா.

— அரை மணி நேரம்.

— அந்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு ஏழு வருஷமா மனசு வரல! கீழ் வீட்டு அக்கா சொன்னாங்க, எனக்கு முன்னாடி இருந்தவங்களையும் இதே கறைக்குத்தான் விரட்டினீங்களாமே. அவங்களும் ஈரத்துணிதான் காயப் போட்டாங்களா? வாயத் திறந்து சொல்லுங்க சார்!

— விடு தங்கச்சி. ஐயா, இந்தப் பழைய துணியெல்லாம் பிய்ச்சு எறிஞ்சுட்டு வேலைய ஆரம்பிக்கட்டுமா?

— வேணாம். கை வைக்காதீங்க மேஸ்திரி. அப்படியே இருக்கட்டும். ஒருத்தன் வந்து பாக்கணும்.

— இன்னும் யாரு? எங்க மேல பழி போட இன்னொரு ஆளா?

— பழியெல்லாம் என்மேலதாம்மா. அவங்களுக்கும் முன்னாடி, இந்த ஃபேன் போட்டப்ப இங்க குடியிருந்தவன். குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான், ஒரு துணி கூட உள்ள காயப் போடலன்னு. நான் நம்பல. கைக்குழந்தையோட வெளிய போடான்னேன். அவன்... என் கூடப் பிறந்த தம்பிம்மா.