ஒரு மடிக்கணினிக்குள் மூன்று கணினிகள்

ஒரு வசதி நம் பொருளுக்குள்ளேயே மூடிக் கிடக்கும்போது, அது இல்லை என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன உரிமை? பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த கல்லூரி மாணவியும் மீனவரான அவள் தந்தையும் பேசிய பேச்சு இக்கேள்வியை எழுப்பியது. அவள் மடியில் பழைய மடிக்கணினி இருந்தது.

“இந்த ஒண்ணுக்குள்ள மூணு கம்ப்யூட்டர் ஓடணும் நைனா. திங்கக்கிழமை லேப் பரீட்சையே அதான்.”

“மூணும் அடிச்சிக்காதா?”

“நம்ம ஏரியில பாடு முறை இல்லியா? ஒரு நாளு நம்ம கூட்டம், மறுநாளு அவங்க. நம்ம முறை வந்தா ஏரியே நம்மளுதுன்னுதானே வலை போடுற?”

“அத்தப் பாத்துக்க ஊர்ப் பெரியவங்க இருக்காங்க. இதுல யாரு?”

“ஒரு சாஃப்ட்வேர். ஆனா பெரியவங்க வலைக்கு வலை வந்து நிக்கிற மாதிரி எல்லாத்துக்கும் அதுவே வந்து நின்னா வேலை ஆவாது. அதனால சிப்புலயே வர்ச்சுவலைசேஷன்னு ஒரு வசதி வெச்சிருப்பாங்க, அது எல்லையக் காக்கும். நம்மளுதுல அது இல்லியாம், வேற வாங்குன்றாரு பொன்னேரி கடைக்காரரு.”

தந்தை மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

“போன வாரம் படகு இன்ஜினு செத்துப்போச்சுன்னு மெக்கானிக் கிட்ட தூக்கினு போனேன். டீசல் வால்வு மூடியிருந்திச்சு.”

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணினியை அணைத்து, மறுபடி தொடங்கி, உள்ளிருக்கும் வசதிகளைத் திறந்து மூடும் அமைப்புப் பக்கத்திற்குள் நுழைந்தாள்.

“நைனா, சிப்புல இருக்கு. மூடித்தான் வெச்சிருக்காங்க. தொறந்துட்டேன், மூணும் ஓடும். கடைக்குப் போவ வேணாம், வழியில காட்டூர்லயே எறங்கிடலாம்.”

“பொன்னேரி வரைக்கும் டிக்கெட்டு எடுத்தாச்சு. கண்டக்டரு அந்த மூணுக்கும் கேக்கப் போறாரு, கம்முனு வா.”

எங்கள் ஊர் நூலகத்திற்கு நன்கொடையாக வரும் பழைய கணினிகளைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அன்று முதல், அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் நான் ஒதுக்குவதில்லை.