பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டலாம்

கோவிச்சுக்காதீங்க ஐயா, ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. நீங்க வாசல்ல நின்னு போன் பேசினீங்க, நான் உள்ள உங்க முட்டி வலிக்குப் பூசுற மருந்துச் சேத்தைக் கரைச்சுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துடுச்சு. செத்த மீனுக்காக ஒருத்தனும் ஜெயிலுக்குப் போனதில்ல, தைரியமா கையெழுத்துப் போடுன்னு சொன்னீங்க. அட, யார்கிட்டன்னு நான் கேக்கலையே. நமக்கெதுக்கு. காலை நீட்டுங்க.

அப்படித்தான். முட்டிக்கு நல்லா கனமா அப்பணும். வயசாச்சுன்னா முட்டிதான் முதல்ல பழிவாங்கும். சூடு தாங்குதா? இப்ப பிளாஸ்டிக் தாளைச் சுத்திடறேன், அதுக்கு மேல கம்பளி. கை ரெண்டும் உள்ளயே இருக்கட்டும். கண்ணுக்கு ஈரத்துணி. இனிமே அசையக்கூடாது, அசைஞ்சா காத்து புகுந்து சூடு போயிடும். இந்த மணல் கடிகாரத்துல மணல் இறங்குற வரைக்கும் நீங்க என் கைதி. சிரிக்காதீங்க, சிரிச்சாலும் சேத்துப் பத்து வெடிச்சுடும்.

நேத்து உங்களுக்குப் பூசிவிட்ட லீனுத்தாவா? இன்னிக்கு அவ முறைதான். நான்தான் மாத்திக்கிட்டேன். உங்க பேரைப் பார்த்ததும் நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். சும்மாதான், ஒலிம்பியுன்னு பேரு வெச்சவங்க இந்தக் கடற்கரைப் பக்கம் கம்மி. மலைப்பக்கத்துப் பேரு. நானும் மலைக்காரிதான், பேச்சுல தெரியலையா? சீசனுக்கு இங்க வேலைக்கு வரது. செம்புச் சுரங்கம் இருந்துச்சே, அந்தப் பக்கம். ஃப்ராஸினா.

ஏன், தெரியுமா அந்த ஊரு? இல்ல, உடம்பு லேசா தூக்கிப் போட்டுச்சே, அதான் கேட்டேன். பரவால்ல, கிழிஞ்ச இடத்துல இன்னும் கொஞ்சம் பூசிட்டாப் போச்சு.

ஊர் இப்ப இல்லைங்க. சேறு குடிச்சிடுச்சு. சுரங்கத்துக் கழிவைக் கொட்ட ஏரி மாதிரி ஒண்ணு கட்டினாங்க. அது வருஷா வருஷம் ஏறி, முதல்ல கீழ்த்தெரு போச்சு, அப்புறம் மாவு மில்லு, அப்புறம் என் மாமியாரோட கல்லறை. எடுத்து வேற இடத்துல புதைக்க ஆள் அனுப்பறோம்னாங்க, ஆளுக்கு முன்னாடி சேறு வந்துடுச்சு. உசுரோட இருந்தப்ப யாருக்கும் வழிவிடாத மனுஷி அவங்க. சேத்துக்குத்தான் விட்டாங்க.

கிணத்துத் தண்ணி குடிச்சா காசை வாயில போட்டுச் சப்பின மாதிரி இருக்கும். ஆத்துல முதல்ல மீனெல்லாம் வயித்தைக் காட்டி மிதந்துச்சு. அப்புறம் மிதக்கவும் மீன் இல்ல. நாரை வந்து கரையில நிக்கும், தண்ணியைப் பார்க்கும், போயிடும். மறு வருஷம் அதுவும் வரல.

கேஸ் போடாம இருப்போமா? போட்டோம். கோர்ட்டு கம்பெனிக்கு அபராதம் போட்டுச்சு. கம்பெனி அதைக் கட்டிட்டு, பேரை மாத்திக்கிட்டு, மறுபடி குழாயைத் திறந்துச்சு. கம்பெனிக்குக் கையா இருக்கு, விலங்கு மாட்ட?

இப்ப ரலூக்கான்னு ஒரு வக்கீல் பொண்ணு எங்ககிட்ட வருது. குச்சி மாதிரி இருப்பா, ஆனா நிறுத்தாம பேசுவா. ஒரு ஆத்தை, ஒரு பள்ளத்தாக்கை இப்படிக் கொன்னா அதைப் போர்க்குற்றம் மாதிரி உலகக் குற்றமாக்கணும்னு நாடுநாடா பேசிக்கிட்டு இருக்காங்களாம். ஹேக் நகரத்துல இருக்கிற உலகக் குற்றக் கோர்ட்டுக்குக் கம்பெனியெல்லாம் கணக்கே இல்லையாம். ஆளைத்தான் கூண்டுல ஏத்துமாம். உத்தரவு போட்ட ஆளை, கையெழுத்துப் போட்ட ஆளை.

ஆமாங்க, நீங்க சொல்றது சரிதான், அந்தச் சட்டம் இன்னும் வரல. வந்தாலும் பழசுக்குச் செல்லாதுன்னு அவளே சொல்லிட்டா. ஆனா பழசு முடிஞ்சாத்தானே. மேல்பள்ளத்தாக்குல புதுசா இன்னொரு ஏரி கட்டப் போறாங்க. என் தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு, வீட்டு வாசல்ல நின்னா அணை வரப்போற இடம் தெரியும். ஃப்ராஸினாவுல கையெழுத்துப் போட்ட அதே பெரியவர்தான் இதுக்கும் ஆலோசகராம். அதுக்கு அனுமதி குடுக்கலாமான்னு திங்கக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க. அவர் பேச்சை நம்பலாமா கூடாதான்னு என்னைக் கேப்பாங்க. சிலுவை மேல கை வெச்சுச் சொல்லணும்.

அங்கதாங்க எனக்குச் சிக்கல். ரலூக்கா என்ன கேக்குறான்னா, அந்த ஆளுக்கு அப்பவே தெரியுமா? தெரியாம செஞ்சா அது தப்பு, இவ்வளவு நாசம் வரும்னு தெரிஞ்சே செஞ்சாத்தான் குற்றம். நாளைக்கு எந்தச் சட்டம் வந்தாலும் இந்த ஒரு கேள்வியிலதான் நிக்கும்கறா. எனக்கு எப்படித் தெரியும்? அவர் மண்டைக்குள்ள நான் விளக்கு வெச்சா பார்த்தேன்?

எரியுதா? லேசா எரியத்தான் செய்யும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அவரைப் பத்திச் சொல்லவா? நேரம் போகணுமே, கேளுங்க. அப்ப சுரங்கத்துக்கு அவர்தான் டைரக்டர். ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் அவரைத்தான் ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லுவோம். பெரிய மனுஷன் மெழுகுவத்தி பிடிச்சா குடும்பம் விளங்கும்னு ஒரு நம்பிக்கை. எனக்கும் சிமியோனுக்கும் அவர்தான் பிடிச்சார். மெழுகு சொட்டி என் முக்காட்டுல விழுந்துச்சு, அதுவும் நல்ல சகுனம்னாங்க. ஞாபகம் இருக்குமான்னா கேக்குறீங்க? அவருக்கு எப்படி இருக்கும், எத்தனை முக்காடு, எத்தனை மெழுகு.

ஏரி கட்டினப்ப கலாச்சார மன்றத்துல கூட்டம் போட்டாங்க. ஊரே பயந்து உக்காந்திருந்துச்சு. அவர் எந்திரிச்சு, நான் உங்க வீட்டு ஞானத்தகப்பன், உங்ககிட்ட பொய் சொல்வேனா, அந்தச் சேத்துல பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு சுத்தம்னு சொன்னார். என் புருஷன் பின்வரிசையிலேர்ந்து, புள்ளை இன்னும் பொறக்கல, அதுவரைக்கும் என் மாமியாரைக் குளிப்பாட்டிப் பார்க்கட்டுமான்னார். மன்றமே சிரிச்சுது. அந்தச் சிரிப்போட எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

வேற ஆளா இருந்தா யோசிச்சிருப்போம். ஞானத்தகப்பன் சொல்லைச் சந்தேகப்பட்டா கல்யாணமே செல்லாத மாதிரிங்க எங்க பக்கம்.

சிமியோனுக்கு அந்த ஏரியிலதான் வேலை, குழாய் அடைப்பு எடுக்கிறது. பூட்ஸ் கிழிஞ்சுடுச்சுன்னு போய்க் கேட்டா, பச்சப்புள்ளையே குளிக்கலாமாம், உனக்கென்னடா பூட்ஸுன்னு ஸ்டோர்காரன் கிண்டல் பண்ணுவான். முட்டி வரைக்கும் சேத்துல நிப்பார். இப்ப ரெண்டு சிறுநீரகமும் போயி ஆஸ்பத்திரி மெஷின்தான் அவரைப் பொழைக்க வெச்சிருக்கு. பாதத்துல ஊசி குத்தினாத் தெரியாது.

அப்படிப்பட்ட சிமியோனே என்ன சொல்றார் தெரியுங்களா? டைரக்டருக்கும் தெரிஞ்சிருக்காதுடி, பாவம், விடுங்கறார். நான் அப்ப டைரக்டர் தங்குற விடுதியில பெருக்கித் துடைச்சுக்கிட்டு இருந்தேன். அவருக்குக் குடிக்கிற தண்ணி கார்ல வெளியூர்லேர்ந்து வரும், அதை நான் பார்த்தேன்னேன். பணக்கார நாக்கு, ஊர்த் தண்ணி பிடிக்காதுங்கறார். அவர் நாயைச் சங்கிலியை விட்டு ஏரிப்பக்கம் இறக்கவே மாட்டார், தெரியுமான்னேன். உசந்த ஜாதி நாய், காணாமப் போயிட்டா என்ன பண்றதுங்கறார். என் பக்கம் ஒரு பேச்சு பேசினா அந்தப் பக்கம் ரெண்டு பேச்சு. அந்த ஆளுக்கு வக்கீலே தேவையில்ல, என் புருஷன் போதும்.

கடைசியா ஒண்ணு சொன்னார் பாருங்க, அதுதான் என்னைத் தூங்க விடல. நம்ம தலைக்கு மேல மெழுகுவத்தி பிடிச்ச கை அது. நிச்சயமாத் தெரியாம அந்தக் கைக்கு எதிரா சிலுவையைத் தொட்டியானா என் முகத்துல முழிக்காதன்னார். நியாயம்தானே? நானும் சரின்னுட்டேன். நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் போவேன்னு சொல்லிட்டு வந்தேன்.

அவர் பேரா? பேருல என்னங்க இருக்கு. பேச வேணாம், வாய்கிட்ட இருக்கிற பூச்சு உதிருது பாருங்க.

மணல் இன்னும் பாதி கூட இறங்கல.

வாசனையா? நேத்து அழுகின முட்டை வாசனை இருந்துச்சா, இன்னிக்கு இரும்பு வாசனை அடிக்குதா? உங்க மூக்கு நல்ல மூக்குங்க. இருக்கும். இது இங்க வழக்கமா பூசுற, இந்த ஊர் ஏரிச் சேறு இல்ல. சிமியோனோட தம்பி நேத்து ரயில்ல வந்தான், முட்டைக்கோஸ் ஊறப்போடுற பீப்பாய் நிறைய எடுத்துட்டு வந்தான். ஃப்ராஸினாவுலேர்ந்து. குழாய் வந்து விழுற இடத்துலயே அள்ளினது. உங்களுக்குன்னே.

மெதுவா. மெதுவாங்க, தரை வழுக்கும். பிளாஸ்டிக்கைக் கிழிக்காதீங்க, முடிச்சு இந்தப் பக்கம் இருக்கு, நானே அவுத்து விடறேன். முட்டி வலியெல்லாம் எங்க போச்சு? குழாய் இடது பக்கம். அது வெந்நீர், பார்த்துத் திறங்க. கண்ணைத் தேய்க்காதீங்க. டாக்டரா? டாக்டர் எதுக்கு? பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டலாம்னீங்களே, ஞானத்தகப்பனாரே.

கேக்குதா? அது ஏரிச் சேறுதான். இந்த ஏரி, இங்க ஜன்னல்ல தெரியுதே அந்த ஏரி. காலையில லீனுத்தா அள்ளி வெச்சது. அடுத்த கட்டில்ல படுத்திருக்கிற தபால் ஆபீஸ்காரருக்கும் இதைத்தான் பூசினேன், குறட்டை விட்டுக்கிட்டு இருக்கார் பாருங்க. தம்பியும் வரல, பீப்பாயும் வரல. ஐயா, தண்ணியைக் கொஞ்சம் குறைச்சா நான் சொல்றது காதுல விழும். விழலையா? சரி.

ரலூக்காவா? நான் ஸம்ஃபிரா பேசறேன். திங்கக்கிழமை வரேன். ஆமாம்மா, சிலுவை மேல கை வெச்சே சொல்றேன். தெரியும்னு எழுதிக்கோ. அப்பவே தெரியும்னு எழுதிக்கோ. இல்ல, யாரும் சொல்லல, நானே பார்த்தேன். சிமியோன்கிட்ட நான் சொல்லிக்கறேன், இனிமே அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அதுவா, தண்ணிச் சத்தம். எங்க ஞானத்தகப்பனார் குளிக்கிறார். கொஞ்சம் இரு, தேய்க்கிற பிரஷ் கேக்குறார், எடுத்துக் குடுத்துட்டு வரேன்.