சம்பந்தி மரம்

தேரி என்கிற செம்மணல் மேடு இப்போது கிடக்கிற இடத்துக்கு வராமல் இன்னும் மேற்கே கிடந்த காலம். பனங்காட்டுவிளை என்று ஓர் ஊராம். அந்த ஊருக்கு வாழ வந்தவள் வெயிலுகந்தாள். எங்கள் வம்சத்துக்கே தலைப்பெண் அவள்தான். புருசன் பலவேசம் பனையேறி. ஏறினால் அணில், இறங்கினால் காற்று என்பார்களாம்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு மாசியில் இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை. அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பங்குனி பிறக்குமுன் பனையேறி தன் பனையில் ஏறிப் பாளை சீவ வேண்டும். சீவாவிட்டால் பனை அடுத்தவனுக்கு. கோயில்பிச்சை என்கிற பங்காளி அப்போதே வந்து, மாடு பிடிக்க வந்தவன் மாதிரி பலவேசத்தின் பனைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துப் போனானாம்.

பலவேசத்தின் அம்மா சிவனணைஞ்சாள் வேலிக்குப் போனாள். மடி நிறைய முடக்கத்தான் கீரையோடு வந்தாள். அரைத்து மாவில் கலந்து தோசை சுட்டாள். அவள் மாமனாரைக் கிழட்டு வயசிலும் பனை ஏற்றியது அந்தக் கொடிதானாம்.

சேதி கேட்டு வெயிலுகந்தாளைப் பெற்ற ஐயா தவசிமுத்து பக்கத்து ஊரிலிருந்து வந்தார். சும்மா வரவில்லை. தலையில் ஒரு கட்டு வாதநாராயணன் தழை.

"வேலியில படருற கொடியெல்லாம் வைத்தியமா தங்கச்சி? மரத்து மருந்துல்லா மருந்து."

"உசரமா வளந்துட்டா மருந்தாயிருமா அண்ணாச்சி? அப்பம் எங்க பனைமரத்தையே அரைச்சுக் குடுத்துருவேனே."

இப்படித் தொடங்கியது. கொடியே வாத மருந்துக்கு ராணி என்பாள் இவள். மரமே ராசா என்பார் அவர். பலவேசம் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவானாம்.

வாய்ச்சண்டையோடு நின்றிருந்தால் கதை இல்லை. சம்பந்தியை முந்த வேண்டும் என்று சிவனணைஞ்சாள் மாவில் ஒரு பங்கு கீரைக்குப் பல பங்கு போட்டாள். தவசிமுத்து விடுவாரா? முருங்கைக்கீரை வதக்கலில் வாதநாராயணன் இலையை யாருக்கும் தெரியாமல் கலந்துவிட்டார். அளவு மீறினால் அதுவும் பேதி, இதுவும் பேதி. அன்று பொழுதெல்லாம் பலவேசம் பனங்காட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். மடங்காத காலோடு அவன் போன வேகத்தைப் பார்த்து, கால் குணமாகிவிட்டது என்று ஊரார் நினைத்தார்களாம்.

சாயங்காலம் வெறும் சக்கையாகக் கிடந்தான். எழுப்பினாலும் எழவில்லை. மாசியில் பாதி போயாகிவிட்டது. உங்க கொடிதான், உங்க மரந்தான் என்று சம்பந்திகள் இருவரும் அப்போதும் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெயிலுகந்தாள் அதுவரைக்கும் வாய் திறக்காதவள். அடுப்படி வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க கொடி வயித்துக்குள்ள போகட்டும். ஐயா, உங்க மரம் தோலுக்கு மேலயே நிக்கட்டும். ரெண்டும் ஒரே வாசல்ல நுழைஞ்சா எம் புருசந்தான் வெளிய போவாரு."

அதன்பிறகு அடுப்பு அவள் கையில். வயிறு நிலைக்கும்வரை வெறுங்கஞ்சி கொடுத்தாள். பிறகு அளவாக ஒரு கைப்பிடி முடக்கத்தான், தோசையில். வாதநாராயணன் தழையை வேகவைத்து, அந்த வெந்நீரைப் பொறுக்கிற சூட்டில் முழங்காலுக்கு ஊற்றினாள். வெந்த தழையைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். கவனித்தும் பார்த்தாள். மரம் அவசரக்காரன், வலியையும் வீக்கத்தையும் அன்றைக்கே வாங்கிப் போகும், மறுநாள் திரும்பக் கொண்டுவரும். கொடி நிதானக்காரி, வலியைத் தொடாது, ஆனால் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கும். ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடித்தது.

மாசிக் கடைசி நாள் காலையில் பலவேசம் தளைநாரைக் காலில் மாட்டினான். ஊரே பனைக்குக் கீழே நின்றது. கோயில்பிச்சை பாளை அரிவாளைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அணில் போல ஏறவில்லை பலவேசம். ஆமை போல ஏறினான். பாதி மரத்தில் நின்றுவிட்டான். வெயிலுகந்தாள் மேலே பார்க்காமல், தன் கையிலிருந்த கலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு ஒரு பாளைச் சீவல் வந்து அவள் காலடியில் விழுந்தது.

கோயில்பிச்சை அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினான்.

"ஏத்திவிட்டது எங் கொடி" என்றாள் சிவனணைஞ்சாள். "எம் மரம்" என்றார் தவசிமுத்து. எல்லாரும் வெயிலுகந்தாளைப் பார்த்தார்கள்.

"கொடியும் ஏறல, மரமும் ஏறல. ஏறுனது எம் புருசன்" என்றாளாம்.

தவசிமுத்து ஊர் திரும்புமுன் மகள் வீட்டுப் பின்னால் வாதநாராயணன் கிளையில் போத்து ஒன்றை வெட்டி நட்டார். அவர் தலை மறைந்ததும் சிவனணைஞ்சாள் முடக்கத்தான் விதையை, கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்த விதையை, அதன் அடியில் ஊன்றினாள். தன் கொடி அவர் மரத்துக்கு மேலே நிற்க வேண்டுமாம். மரம் வளர, கொடியும் உச்சிக்குப் போனது. மறு வருசம் வந்து பார்த்த தவசிமுத்து, "தூக்கி வச்சிருக்கது எம் மரம்லா" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அதுதான் எங்கள் ஊர்ச் சம்பந்தி மரம். அந்த மரம் போய் அதன் போத்து, அது போய் அதன் போத்து. இன்றும் கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் போத்து நடுவார், மாப்பிள்ளையின் தாய் விதை ஊன்றுவாள். மருந்துக்கு வருகிறவர் கொடியை ஒரு கையிலும் தழையை மறு கையிலும்தான் வாங்க வேண்டும். ஒரே கையில் வாங்கினால் ஊர் சிரிக்கும். பலவேசம் அலைந்த அலைச்சல் எல்லாருக்கும் தெரியும்.

எந்தக் கையில் இருப்பது உயர்ந்தது என்று வெளியூரார் கேட்டால், வெயிலுகந்தாள் வம்சத்தார் திருப்பி ஒன்று கேட்பார்கள்: "ஒத்தக் கையால பனை ஏறிருவீரா வே?"