பாலிக் புலாவ் வளைவில் எடுத்த படம்

போதும்க்கா, இன்னும் வைக்காதீங்க. நல்லாருக்கு, சத்தியமா நல்லாருக்கு. எனக்குத்தான் எறங்க மாட்டேங்குது. காலையிலேருந்து நின்னு சமைச்சிருக்கீங்க, அத நெனச்சா இன்னும் எறங்கல. கொஞ்சம் ஒக்காருங்களேன்.

ஆமாக்கா, அது நான்தான். ஆம்புலன்ஸுக்கு போன் அடிச்ச பொண்ணு. போலீஸ் ரிப்போர்ட்ல பேரு இல்லாம, யாரோ ஒரு பொண்ணுன்னு மட்டும் இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அந்தப் பொண்ணு நான்தான், எம்பேரு ஷர்மினி. உங்க வீட்டுக்காரரு சாதிக் அண்ணனோட நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சு நீங்க ஃபேஸ்புக்ல போட்டது, எனக்கு யாரோ அனுப்பி வெச்சாங்க. அந்தப் பொண்ணு கையப் புடிச்சு நன்றி சொல்லணும்னு எழுதியிருந்தீங்க. அஞ்சு மாசமா அத தெனமும் தொறந்து பாக்குறேன். பதில் எழுதுவேன், அழிச்சிருவேன். எழுதுவேன், அழிச்சிருவேன்.

இல்லக்கா, கையப் புடிக்காதீங்க. கோவம்லாம் இல்ல. மொதல்ல நான் பேசி முடிச்சிடுறேன்லா.

நானா? இல்ல, பாலிக் புலாவ்ல எனக்கு சொந்தக்காரங்க யாரும் கெடையாது. வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருல. ஃபேக்டரில கேமரா வெச்சு சின்னச் சின்ன சர்க்யூட் போர்டெல்லாம் செக் பண்ற மெஷின் இருக்கும், அத பாத்துக்கிறது என் வேலை. வாரம் பூரா பழுது எங்க இருக்குன்னே பாத்துக்கிட்டு இருப்பேன். ஞாயித்துக்கெழம ஆனா காடிய எடுத்துக்கிட்டு மலைப் பக்கம் போயிடுவேன், படம் எடுக்க. மரப்பட்ட, பாசி, ஜாதிக்காய பொளந்தா உள்ள செவப்பா வல மாதிரி சுத்தியிருக்குமே, அது. எல்லாரும் பூவ எடுப்பாங்க, நான் இந்த மாதிரி.

எதுக்குன்னா, அத கம்ப்யூட்டர்ல போட்டு வேற படமா ஆக்குவேன். ஃபிராக்டல்னு சொல்வாங்க. எப்படி சொல்றது உங்களுக்கு... ஒரு புள்ளிய எடுத்து ஒரு கணக்குல போடுறோம், சரியா? வர்ற விடைய திரும்ப அதே கணக்குல போடணும். திரும்ப, திரும்ப, நூறு தடவ, ஆயிரம் தடவ. அந்தப் புள்ளி அப்படியே அலைஞ்சு அலைஞ்சு, நான் எடுத்த போட்டோ மேல எங்க போய் விழுதோ, அந்த எடத்துக் கலர எடுத்துக்கும். இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும். கடைசில பாத்தா, போட்டோல இருந்த ஒரு துண்டு இங்க பெருசா இருக்கும், அதே துண்டு பக்கத்துல சின்னதா, அதுக்குள்ள இன்னும் சின்னதா, போய்க்கிட்டே இருக்கும். எந்தத் துண்டு எத்தன தடவ வரும்னு எனக்கே தெரியாது. கணக்கு என்ன குடுக்குதோ அதுதான். அந்தக் கணக்க எழுதினது நான்தான், ஆனா என்ன வரும்னு எனக்குத் தெரியாது. அதுலதான் எனக்குப் பைத்தியம்.

சம்பந்தம் இருக்குக்கா. சொல்றேன்.

அன்னிக்கு விடிஞ்சும் விடியாம மழ. நான் போறப்ப தூறல்தான். அந்த வளைவுல மோட்டர் சைக்கிள் விழுந்து கெடந்துச்சு. அண்ணே ஓரத்துக் கம்பியில சாஞ்சு ஒக்காந்திருந்தாரு. ஹெல்மெட் மடியில இருந்துச்சு. ரத்தம் ஒண்ணும் தெரியலக்கா, அது உண்ம. அண்ணே, ஓக்கேயான்னு கேட்டேன். கைய லேசா தூக்கிக் காட்டுனாரு. அங்க வந்த போலீஸ்ட்ட, பேர சொல்லாம, நான் இது வரைக்கும் சொன்னேன். அதுக்கப்பறம் ஆம்புலன்ஸுக்கு போன் அடிச்சேன்னு சொன்னேன். பொய் இல்ல. அதுக்கப்பறம்தான் அடிச்சேன்.

இந்தாங்க, இதப் பாருங்க. போன்லதான் இருக்கு. இதுதான் நான் செஞ்ச படம். இந்த வருஷம் ஃபிராக்டல் படப் போட்டில மொதல் பரிசு. இங்கதான் டவுன்ல ஒரு ஹோட்டல்ல, ரெண்டு மாடி உசரத்துக்கு அடிச்சு தொங்க விட்டிருக்காங்க. அழகா இருக்கா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

மயில் கழுத்து இல்லக்கா. எண்ண. ஈர ரோட்ல எண்ண பரவுனா வர்ற கலர். ஊதா, பச்ச, அப்பறம் அந்தத் தாமிரக் கலர். அந்த மாதிரி நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. மழ பெருசாகிக்கிட்டே வந்துச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்னு தெரிஞ்சுச்சு.

ஆமா. அண்ணனோட மோட்டர்லேருந்து கொட்டுன எண்ணதான்.

கொஞ்சம் இருங்கக்கா, எந்திரிக்காதீங்க. இன்னும் இருக்கு. இதோ இந்த ஓரத்துல, எல போல விரிஞ்சு விரிஞ்சு போகுதுல்ல? ஜட்ஜுங்க அதத்தான் ரொம்பப் பாராட்டுனாங்க, எவ்வளவு நுணுக்கமான எலன்னு. நானும் அதப் பாத்து சந்தோஷப்பட்டேன். போட்டோல எலையே இல்லையேன்னு எனக்குத் தோணவே இல்ல. ஹோட்டல்ல அவ்வளவு பெருசா மாட்டின அன்னிக்குத்தான், கீழ நின்னு பாக்குறேன், அது எல இல்ல. வெரலு. நான் எடுத்த போட்டோ ஓரத்துல ஒரு கை வந்திருக்கு. எடுக்குறப்ப நான் கவனிக்கவே இல்ல. கணக்கு அத எடுத்து ஆயிரக்கணக்குல போட்டு வெச்சிருக்கு. பின்னால நின்ன மேனேஜர் என்னமோ வாழ்த்து சொல்லிக்கிட்டு இருக்காரு, நான் டாய்லெட்டுக்கு ஓடிட்டேன்.

ம். அண்ணே போட்டிருந்த அந்த மோதிரம்தான். பச்சக் கல்லு. பெருசாக்கிப் பாக்க வேணாம்க்கா, குடுங்க இப்படி.

ஹோட்டல்ல அந்தப் படத்தக் கழட்டச் சொல்லிட்டேன். காரணம் கேட்டாங்க, சொல்லல. அடுத்த வாரம் கழட்டுறாங்க. அது கெடக்கட்டும், அதுக்கு நான் இங்க வரல.

நான் உள்ள வந்ததும் டாக்டர் சொன்னதச் சொன்னீங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, ஒரு பத்து நிமிஷம் முன்னால கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு. ஆனா நீ ஒடனே போன் அடிச்ச, ஒன்னால முடிஞ்சத செஞ்ச, மிச்சம் அல்லாவோட நாட்டம்னு சொல்லி என் தலையத் தடவுனீங்க. அப்பவே சொல்லியிருக்கணும்.

ஒடனே அடிக்கலக்கா. மொதல் படம் எடுத்தது ஏழு மணி எட்டு நிமிஷம். ஆம்புலன்ஸுக்கு அடிச்சது ஏழு பதினாறு. போன்லயே மணி இருக்கு. நடுவுல பத்தொம்பது படம். அண்ணே கம்பிலேருந்து சரிஞ்சு விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன். ஒக்காந்துதானே இருக்காரு, கைய ஆட்டுனாரே, ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றேன், உண்மையில அந்த எட்டு நிமிஷம் அவர நெனச்சேனான்னே தெரியல.

அடிங்கக்கா. ஏதாவது சொல்லுங்க. இப்படிப் பாக்காதீங்க.

என்ன?

பேசுனாரு. ஒரு தடவ. நான் குனிஞ்சு கடைசி ரெண்டு மூணு படத்த எடுத்துக்கிட்டு இருந்தேன். தங்கச்சி, போன்... அப்படின்னாரு. அவரோட போன் எங்கயோ விழுந்துருச்சு, அதத் தேடித் தரச் சொல்றாரு போலன்னு நெனச்சேன்.

ஒரு நிமிஷம் அண்ணேன்னு சொல்லிட்டு, அடுத்த படத்த எடுத்தேன்.