அமல்தாஸ் பெயரில் ஒரு சாதனை

கிரேஸ் மேரி: …ஷிஃப்டு முடிஞ்சு வந்தாச்சு, கை கால் கழுவியாச்சு, மோதிரத்தக் கழட்டி டிவி ஸ்டாண்டு மேல வெச்சாச்சு. இனிமே துண்டால அந்த ரிமோட்டத் தொடைக்கணும். தொடைங்க, தொடைங்க.

அமல்தாஸ்: ரிமோட்டு இல்லடி, வீடியோ கேம் கன்ட்ரோலரு.

கிரேஸ் மேரி: ஏதோ ஒண்ணு. கட்டுன பொண்டாட்டிய ஒருநாளாவது இவ்ளோ பதமா தொட்டிருக்கீங்களா?

அமல்தாஸ்: உஷ்… ஒலிம்பிக் அணிவகுப்பு வருது.

கிரேஸ் மேரி: தெனம் வர்றதுதான? ஒரு பட்டன அமுக்குனா தாண்டிப் போயிடும்.

அமல்தாஸ்: அத்தத் தாண்டலாமா? ஒலகத்துல இருக்கற அத்தினி நாடும் கொடியப் புடிச்சுகினு வருது. ஸ்டேடியம் முழுக்கத் தலை. ஒவ்வொரு கொடியும் காத்துல ஒவ்வொரு மாதிரி ஆடுது பாரு! எவன் ஒக்காந்து செஞ்சானோ, மகராசன்.

கிரேஸ் மேரி: அதோ… அதோ வந்துடுச்சு பாருங்க, அந்தக் குட்டித் தீவு! ஒரே ஒரு பொண்ணு. பின்னால ஒரு ஆளு கெடையாது. தனியா எவ்ளோ நிமிந்து நடக்குது!

அமல்தாஸ்: …ம்.

கிரேஸ் மேரி: இன்னா ம்?

அமல்தாஸ்: ஒண்ணுமில்ல. நான் இந்தியாவ எடுத்துக்கறேன். தடை ஓட்டம்.

கிரேஸ் மேரி: எப்பவும் அதான. ஓடுங்க.

அமல்தாஸ்: பேண்டு செட்டுல டிரம்மு உருட்டற வெரலு இது, சும்மாவா? ரெண்டு வெரலயும் வெச்சு உருட்டுனா… ஆங்… குதி… குதி… குதி… ச்சே!

கிரேஸ் மேரி: வுழுந்துட்டாரா?

அமல்தாஸ்: கடைசித் தடைடி. காலு இடிச்சுடுது.

கிரேஸ் மேரி: நேத்தும் அதான். முந்தாநாளும் அதான்.

ஆன்டோ: அண்ணே! அமல் அண்ணே! உள்ள வரலாமா?

கிரேஸ் மேரி: வாப்பா ஆன்டோ. இன்னா, டிரம்பெட்டையும் கையோட தூக்கிகினு வந்துட்ட?

ஆன்டோ: ரிகர்சல் முடிச்சுட்டு நேரா வரேன் அண்ணி. நாளைக்குத் திருவிழா கேம் போட்டிக்குக் கோயில் மைதானத்துல பெரிய ஸ்கிரீனு கட்டியாச்சு. பாகூர்லேருந்து டீமு வருது. தடை ஓட்டத்துக்கு நம்ம சர்ச்சுப் பங்கு சார்பா அண்ணன் பேரத்தான் குடுத்திருக்கோம். அண்ணன் போன்ல அனுப்புனாரே ரெக்கார்டு போட்டோ… அத்தப் பேனர்லயே போட்டுட்டோம்!

அமல்தாஸ்: பேனர்லயா?

ஆன்டோ: பின்ன? அத்தப் பாத்தே பாகூர்க்காரங்க பாதிப் பேரு திரும்பிடுவாங்க. ஆமா… ஒரு சந்தேகம் அண்ணே. நீங்க எப்பவும் இந்தியாதான எடுப்பீங்க? ரெக்கார்டுல வேற ஏதோ கொடி கீது?

அமல்தாஸ்: அது… சும்மா மாத்திப் பாத்தேன்.

ஆன்டோ: ராசியான கொடி! நாளைக்கும் அதையே எடுங்க. வரேன் அண்ணி.

கிரேஸ் மேரி: காப்பி குடிச்சுட்டுப் போயேன்.

ஆன்டோ: நாளைக்கு அண்ணன் ஜெயிக்கட்டும், பிரியாணியே சாப்பிட வரேன்!

கிரேஸ் மேரி: …போயிட்டான். இன்னாங்க, கன்ட்ரோலரக் கீழ வெச்சுட்டீங்க?

அமல்தாஸ்: மேரி, ஒரு கதை சொல்லட்டா?

கிரேஸ் மேரி: இப்பவா? …சொல்லுங்க.

அமல்தாஸ்: பாகூர் ஏரிக்கரையில ஒரு கொக்கு இருந்துச்சு. ஈரச் சேத்துல நடந்து நடந்தே கோலம் போடும். அதுல தன்ன மிஞ்ச ஆளில்லன்னு அதுக்கு நெனப்பு. ஒருநாள் விடிஞ்சு பாத்தா, சேத்துல ஊசியால தெச்ச மாதிரி ஒரு கோலம். அப்புடி ஒரு அழகு. மத்த பறவையெல்லாம் கூடி நின்னு, ‘கொக்காரே, நீங்க போட்டதா?’ன்னு கேட்டுச்சு.

கிரேஸ் மேரி: கொக்கு இன்னா சொல்லுச்சு?

அமல்தாஸ்: ‘ஆமா’ன்னுடுச்சு.

கிரேஸ் மேரி: …ம்.

அமல்தாஸ்: ‘அப்ப நாளைக்கு எங்க கண்ணு முன்னாடி இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்க’ன்னுச்சுங்க.

கிரேஸ் மேரி: அய்யோ பாவம். நெசமா போட்டது யாரு?

அமல்தாஸ்: ஒரு நண்டு. வளைக்குள்ள இருந்து எல்லாத்தையும் பாத்துகினே இருந்துச்சு. வாயத் தொறக்கல.

கிரேஸ் மேரி: நண்டுக்கு அடுப்புல கொழம்பு இருந்திருக்கும்.

அமல்தாஸ்: மேரி… இந்தா, புடி.

கிரேஸ் மேரி: எனக்கு இன்னாங்க தெரியும் இதுல?

அமல்தாஸ்: ஒரே ஒரு ஓட்டம். அந்தத் தீவுப் பொண்ண எடுத்துக்க.

கிரேஸ் மேரி: கொழம்பு அடிபுடிச்சுடும்.

அமல்தாஸ்: புடிக்கட்டும்.

கிரேஸ் மேரி: …சிரிக்கக் கூடாது.

அமல்தாஸ்: சிரிக்க மாட்டேன்.

கிரேஸ் மேரி: பேசவும் கூடாது.

அமல்தாஸ்: ஏய்… இன்னாடி இது, ஒத்தக் கட்டவெரலு! ஜெபமாலை மணி தள்ளற மாதிரியில்ல தள்ளற!

கிரேஸ் மேரி: தெனம் அத்தத்தான தள்ளுது? அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். பேசாதீங்கன்னேன்.

அமல்தாஸ்: குதி! குதி!

கிரேஸ் மேரி: இன்னும் வரல. நீங்க தடையப் பாத்துக் குதிக்கறீங்க. நான் அந்தப் பொண்ணு காலப் பாக்கறேன். வலது காலு தரையத் தொட்டா… இப்போ.

அமல்தாஸ்: மாதாவே…

கிரேஸ் மேரி: இப்போ.

அமல்தாஸ்: கடைசி… கடைசித் தடைடி…

கிரேஸ் மேரி: இப்போ!

அமல்தாஸ்: தாண்டிட்டா! மேரி, தாண்டிட்டாடி! பேனர்ல இருக்கற ரெக்கார்டையே முந்திட்டா! அதோ கொடி ஏறுது… அவங்க நாட்டுப் பாட்டு போடறான்… எந்திரி, எந்திரிச்சு நில்லு!

கிரேஸ் மேரி: நிக்கறேன், கத்தாதீங்க. பக்கத்து வூட்டுல கேக்கப் போவுது.

அமல்தாஸ்: கேக்கட்டும். இப்புடி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்ல… பேரு கேக்குது பாரு. அடி. …இன்னாடி, என் பேர அடிக்கற?

கிரேஸ் மேரி: பழக்கதோஷம்.

அமல்தாஸ்: அன்னைக்கும் இப்புடித்தான் அடிச்சியா?

கிரேஸ் மேரி: அன்னைக்கு மொதல்ல என் பேரத்தான் அடிச்சேன். மேல என் பேரு, கீழ உங்க பேருன்னு காட்டுச்சு. கம்பெனியில நின்னு நின்னு காலு வீங்கி வர்ற மனுசன், இதுலயும் ரெண்டாவதான்னு மூஞ்சி வாடிப்பூடுமேன்னு அழிச்சுட்டு உங்க பேரப் போட்டேன்.

அமல்தாஸ்: எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

கிரேஸ் மேரி: ‘இத்த நான் ஓடலியே, நீயா மேரி?’ன்னு கேப்பீங்க, அப்ப சொல்லிச் சிரிக்கலாம்னு காத்துகினு இருந்தேன். நீங்க கேக்கல. போட்டோ புடிச்சீங்க.

அமல்தாஸ்: ஆமா, புடிச்சேன்.

கிரேஸ் மேரி: உங்களுக்கே மறந்துபோச்சு போலன்னு நெனச்சுகினேன். தெனம் ஓடறீங்க, எது எந்த ஓட்டம்னு யாருக்கு ஞாபகம்? வுடுங்க.

அமல்தாஸ்: மேரி, நாளைக்கு மேடையில நீ ஓடுவியா?

கிரேஸ் மேரி: நானா? அத்தினி ஜனத்துக்கு முன்னாலயா? …அந்தத் தீவுக் கொடிய எடுக்க வுடுவாங்களா?

அமல்தாஸ்: வுடுவாங்க. அந்தப் போனக் குடு.

கிரேஸ் மேரி: யாருக்கு? வேணாங்க… பேனரு வரைக்கும் போயிடுச்சு. உங்க மானம் பூடும்.

அமல்தாஸ்: ஹலோ, ஆன்டோ? ஸ்பீக்கர்ல போடுடா, செட்டுல இருக்கற எல்லாருக்கும் கேக்கணும்.

ஆன்டோ: போட்டுட்டேன் அண்ணே. எல்லாரும் பேனரு கிட்டதான் நிக்கறோம். சொல்லுங்க.

அமல்தாஸ்: அந்த ரெக்கார்டு நான் ஓடுனது இல்லப்பா. உங்க அண்ணி ஓடுனது. மறந்துபோயி சொல்லாம வுட்டது இல்ல… கொடியப் பாத்த அந்த நிமிஷமே அவதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் என்னுதுன்னு அனுப்புனேன். பேனர் கட்டுன ஏணிய அங்கயே வெச்சிருங்க. என் பேர மறைச்சு அவ பேர நானே வந்து ஒட்டறேன்.